கழற்றிக் கொடுத்த கை

தையல் ஆலையில் அவளுக்குக் கைக்காரி என்று பெயர். சட்டைக்குக் கை மாட்டுகிற வேலை. பதினோரு வருடமாக அவள் காலர் தைத்ததில்லை, பை வைத்ததில்லை, பொத்தானுக்குத் துளை போட்டதில்லை. இடப்பக்கத்து மேசையிலிருந்து கையில்லாத சட்டைகள் வரும். வலப்பக்கத்தில் கைகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். இரண்டையும் சேர்த்து அடுத்த மேசைக்குத் தள்ளினால் அவள் வேலை முடிந்தது. ஒரு நாளைக்கு நானூறு கை. "நேத்து முப்பது கை குறைஞ்சது, காலையில வெட்டி அனுப்பச் சொல்லு" என்று அவள் பேருந்தில் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டுப் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்துபோய் வேறு இடத்தில் உட்கார்ந்ததாக அண்ணி ஒரு கதை சொல்வாள். நடந்ததா இல்லையா என்று யாரும் விசாரித்ததில்லை.

அப்பா படுத்த படுக்கையானபோது பத்தாவதோடு அவள் படிப்பு நின்றது. அதற்கு முன்பே அண்ணன் ஒன்பதாவதில் நின்றுவிட்டார். அவர் பிறகு ஒரு மேல்நிலைப் பள்ளியில் அலுவலக உதவியாளராகச் சேர்ந்து, மணி அடிப்பது, பலகை துடைப்பது, சாவிகளைப் பார்த்துக்கொள்வது என்று இருபது வருடம் ஓட்டியாயிற்று. அதே பள்ளியில் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பித்தபோது, விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து தங்கையின் முன் வைத்தவர் அவர்தான். முப்பது வயதில் பள்ளிக்கூடம் போக அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "பஸ் கண்டக்டர் வராரு, ஆஸ்பத்திரி ஆயா வராங்க, உனக்கு என்ன வந்துச்சு" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இரண்டு வருடத்தில் அவள் நான்கு தாள்களைத் தாண்டினாள். மிச்சம் இலக்கியம் ஒன்றுதான். அது தேறினால் பன்னிரண்டாவது கையில் வந்துவிடும். ஆலையில் மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாகிக் காத்திருந்தது. அதற்குப் பன்னிரண்டாவது வேண்டும். தபால்காரரிடமும் தண்ணீர் வண்டிக்காரரிடமும் அண்ணன், "தங்கச்சி பன்னண்டாவது எழுதுறா" என்று சொல்லியாகிவிட்டது. புத்தகங்களுக்கு அவரே பழுப்பு அட்டை போட்டு, அளவுகோல் வைத்துக் கோடு கிழித்து, அவள் பெயரை எழுதித் தந்தார். கோடு கோணினால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி போடுகிற ஆள் அவர்.

இலக்கியத் தாளில் ஆர்தர் ராஜா கதை ஒரு பெரிய பகுதி. எங்கோ தொலைதூரத்து நாட்டில் பழைய காலத்து ராஜா, அவரைச் சுற்றி வட்ட மேசையில் உட்காரும் வீரர்கள், இரும்புச் சட்டை, குதிரை, ஈட்டி, எதற்கெடுத்தாலும் ஒரு சத்தியம். நடத்தியவர் இளைஞர். குதிரை ஓடுகிற சத்தத்தை இரண்டு உள்ளங்கையாலும் மேசையில் தட்டிக் காட்டுவார் என்பதால் வகுப்பில் அவருக்குக் குதிரை சார் என்று பெயர். "இரும்புச் சட்டைக்குக் கை எப்படி மாட்டியிருப்பாங்க?" என்று தங்கை வீட்டில் கவலைப்பட்டாள். அண்ணனின் எண்ணம் வேறு. வட்ட மேசைக்கு மூலை கிடையாது, மூலை இல்லையென்றால் தூசி தங்காது, ராஜா விவரமானவர்தான் என்று அவருக்குப் பட்டது.

வகுப்பில் உட்காராமலே அவரும் அந்தக் கதையைப் படித்தார். சாயங்காலம் பலகையைத் துடைப்பதற்கு முன் ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுத்தான் துடைப்பார். 'வீரன் பலவீனரைக் காப்பான்.' துடைத்தார். 'வீரன் தோற்றவனைக் குத்தமாட்டான்.' துடைத்தார். 'வீரனின் வாக்கைச் சந்தேகிப்பது அவன் முகத்தில் அறைவதற்குச் சமம்.' இதைக் கொஞ்சம் நின்று படித்தார். பிறகு அதையும் துடைத்தார்.

பாடத்தில் ஒரு பெண் வருவாள். அவளுக்காக ஒரு வீரன் போட்டியில் இறங்குவான். அதை நடத்திய ஞாயிற்றுக்கிழமை ஆலையில் அவசர வேலை இருந்ததால் தங்கை வகுப்புக்குப் போகவில்லை. அண்ணன் தேநீர்த் தட்டோடு உள்ளே போனபோது குதிரை சார் உச்சத்தில் இருந்தார்.

"அவ நகையைக் கொடுத்திருக்கலாம். பூவைக் கொடுத்திருக்கலாம். எதைக் கொடுத்தா? தன்னோட வலக் கையையே கொடுத்தா. அதை அவன் தலைக்கவசத்துல கட்டிக்கிட்டுப் போனான். யோசிச்சுப் பாருங்க."

முன் வரிசையில் ஆஸ்பத்திரி ஆயா கண்ணைத் துடைத்தாள். பின் வரிசையில் கண்டக்டர் எழுந்தார்.

"சார், ரத்தம் நிக்கறதுக்கு என்ன பண்ணாங்க?"

"இது இலக்கியம். ரத்தத்தைப் பத்தியெல்லாம் கேக்கக்கூடாது. உட்காருங்க."

அன்று பலகையில் 'கை = தியாகம்' என்று எழுதியிருந்தது. அண்ணன் படித்துவிட்டுத் துடைத்தார். என்ன ஊரோ, என்ன பெண்களோ என்று நினைத்துக்கொண்டார்.

தேர்வு முடிந்து ஒன்பது நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இருபது வருடத்தில் அந்த நாற்காலியை அவர் துடைத்திருக்கிறாரே தவிர உட்கார்ந்ததில்லை. விளிம்பில் உட்கார்ந்தார். குதிரை சார் ஜன்னலோரம் நின்றிருந்தார். மேசைமேல் ஒரு பழுப்பு உறை கிடந்தது.

"விடைக்குறிப்பு உறை. ஒரு மூலையில பசை விட்டிருக்கு. பாருங்க."

"வரும்போதே அப்படித்தான் இருந்துச்சும்மா. பதிவேட்டுல எழுதியிருக்கேன்."

"பாத்தேன்" என்றார் குதிரை சார். "யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே பதில் எழுதி வெச்சிருக்கீங்க."

அண்ணனுக்கு முதலில் அது பாராட்டு போலத்தான் கேட்டது. இரண்டு மூச்சு கழித்துத்தான் உறைத்தது.

தலைமையாசிரியை மெதுவாகச் சொன்னார். வினாத்தாளும் விடைக்குறிப்பும் தேர்வுத் துறையிலிருந்து முத்திரை வைத்து வியாழக்கிழமை வந்தன. ஞாயிற்றுக்கிழமை தேர்வு. இடையில் அவை இந்த அறை இரும்பு அலமாரியில் இருந்தன. அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், இன்னொன்று அண்ணனிடம்.

"முப்பத்தஞ்சு பேர் எழுதினாங்க" என்றார் குதிரை சார். "மூணாவது கேள்விக்கு முப்பத்துநாலு பேர் நான் நடத்தின மாதிரியே எழுதியிருக்காங்க. ஒருத்தர் மட்டும் விடைக்குறிப்புல இருக்கிற மாதிரி எழுதியிருக்காங்க. பாடப் புத்தகத்துல இல்லாத ஒரு வார்த்தை உட்பட. இத்தனைக்கும் அந்த வகுப்புக்கு அவங்க வரவே இல்ல."

யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விசாரணை. தேர்வு அதிகாரி வருவார். குற்றம் உறுதியானால் அவள் எழுதி முடித்த ஐந்து தாளும் ரத்து. மூன்று வருடம் எழுத முடியாது. அண்ணனுக்கு வேலை போகும். கேள்வியைப் பற்றியோ விடையைப் பற்றியோ வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். விசாரணைக்கு வரச் சொல்லித் தங்கைக்கும் தனியாக ஒரு கடிதம் போயிற்று. அதில் 'விடையில் ஐயம்' என்று மட்டும் இருந்தது.

தெருவில் நடக்கும்போது அண்ணன் யோசித்தார். அவர் உறையைத் தொடவில்லை. இந்த ஒரு விஷயம் உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். மற்றவர்களுக்குச் சந்தேகப்பட இரண்டு பேர் இருந்தார்கள். அவருக்கு ஒருத்திதான் மிச்சம்.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது.

வீட்டில் அவருடைய சீருடைச் சட்டைக்கென்று ஓர் ஆணி உண்டு. சாவிக்கொத்தைச் சட்டைக்கு மேலே அதே ஆணியில் மாட்டுவார். அலமாரியின் பெரிய சாவி சுவரைப் பார்த்திருக்க வேண்டும். அது அவர் வழக்கம். தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை மதியம் அவர் சட்டையை மாட்டிவிட்டுக் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது பெரிய சாவி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று அது அவருக்கு உறுத்தியது. திருப்பி வைத்துவிட்டு மறந்துபோனார். தங்கைக்கு அன்று மதியம் விடுமுறை. பள்ளிக்கு நடக்க ஆறு நிமிடம். போக வரப் பன்னிரண்டு. அவர் கடையில் முக்கால் மணி நேரம் இருந்தார்.

மனைவியிடம் சுற்றி வளைத்துக் கேட்டார்.

"அன்னைக்கு என் சட்டைய நீ எடுத்தியா?"

"உங்க சட்டைய நான் எதுக்குத் தொடறேன்? மடிப்பு கலைஞ்சா ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பீங்க."

"சாவி திரும்பியிருந்துச்சு."

"சாவி என்ன சூரியகாந்தியா, தானாத் திரும்ப?" அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். "யார் மேல சந்தேகம்?"

"யார் மேலயும் இல்ல."

"வீட்டுல மூணு பேர். நீங்க இல்ல, நானும் இல்ல. மிச்சம் எவ்வளவுன்னு எனக்கும் தெரியும். வாயக் கழுவுங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லாதவரு எதுக்கு ஆணியவே பாத்துட்டு நிக்கறீங்க?"

கடிதம் வந்த அன்று தங்கை அவரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "நான் எதையும் பாக்கல அண்ணா."

"சரி" என்றார்.

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தச் 'சரி' சரியாக வரவில்லை என்று அவருக்கே தெரிந்தது.

அன்றிலிருந்து சாவிக்கொத்து ஆணியில் தொங்கவில்லை. ஒரு நாள் செருப்புப் பெட்டிக்குள் போனது. ஒரு நாள் தலையணைக்கு அடியில். பிறகு தேயிலை டப்பாவின் அடியில் காகிதம் சுற்றி வைத்தார். தங்கை எந்த அறைக்குப் போகிறாள், எத்தனை நிமிடம் இருக்கிறாள் என்று அவர் காது தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. அவள் சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று பட்டது. பேசாமலிருந்தால் அதுவும் ஒருமாதிரியாகப் பட்டது. ஆலைக்குப் போகும்போது பையை ஏன் மார்போடு அணைத்துக்கொள்கிறாள்? எப்போதுமே அப்படித்தான் அணைத்துக்கொள்வாளா? தங்கையை முப்பத்திரண்டு வருடமாகப் பார்க்கிறவருக்கு அது ஞாபகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போயிருந்தபோது அவர் போட்டுக் கொடுத்த அதே பழுப்பு அட்டைப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு சொல்லுக்கு அடியில் பென்சிலால் இரண்டு கோடு. ஓரத்தில் பொடி எழுத்தில் 'நாடா?' என்று எழுதியிருந்தது. பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு வார்த்தை என்று குதிரை சார் சொன்னது அவர் காதில் ஒலித்தது. குளியலறைக் கதவு திறந்தது. புத்தகத்தை மூடி, முன்பிருந்த அதே கோணத்தில் வைத்தார். வீட்டில் திருடன் ஒருவன் இருந்தால், அந்த நிமிடம் அவன் தான்தான் என்று தோன்றியது.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அதற்கு மேல் தாங்கவில்லை. தங்கை தரையில் உட்கார்ந்து பழைய துணியில் நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணி வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து சுவரில் சாய்ந்தாள்.

"தேர்வுக்கு மொத நாள் என் சட்டையத் தொட்டியா?"

"தொட்டேன்."

அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். அவள் மறைக்கவில்லை என்பதே அவருக்குப் பயமாக இருந்தது.

"எதுக்கு?"

"கை கழண்டு தொங்குச்சு. மாட்டினேன்."

"எந்தக் கை?"

"வலக் கை. பின்பக்கம், அக்குள்கிட்ட. அலமாரிக் கைப்பிடியில மாட்டி இழுத்திருக்கும். உனக்கு முதுகு தெரியுமா? ஊரே பாத்திருக்கும். கழட்டி, முழுசாப் பிரிச்சு, திரும்ப மாட்டினேன். சொன்னா, ஏன் சொல்லாம எடுத்தேன்னு கேப்ப. அதான் சொல்லல."

சட்டை அவர் உடம்பிலேயே இருந்தது. கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வலத் தோளில் நூல் ஒரு சாயல் அழுத்தமாக இருந்தது. தையல் நேர்க்கோடாக, ஒரே சீராக ஓடியது. அவர் போடுகிற கோட்டைவிட நேராக. சந்தேகப்பட்ட ஒன்பது நாளும் அவர் போட்டுக்கொண்டு திரிந்த சட்டை அது.

கை கழண்டு தொங்குச்சு. கழட்டி மாட்டினேன்.

சட்டையை மடியில் போட்டபடி அப்படியே இருந்தார். தேநீர்த் தட்டும், கண்ணைத் துடைத்த ஆயாவும், ரத்தத்தைப் பற்றிக் கேட்ட கண்டக்டரும் நினைவுக்கு வந்தார்கள்.

"புத்தகத்தை எடு" என்றார். "அந்தப் பொண்ணு வர்ற இடம்."

வாயால் கேள்வியைப் பற்றிப் பேசக்கூடாது என்றுதான் கையெழுத்துப் போட்டிருந்தார். படிக்கக்கூடாது என்று அதில் இல்லை. வரிக்கு அடியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். 'வாயிலில் குதிரை நின்றது. எக்காளம் ஒலித்தது. அவள் தன் வலக் கையைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். அவன் அதைத் தன் தலைக்கவசத்தில் கட்டிக்கொண்டு போட்டிக்குப் புறப்பட்டான்.' பென்சில் கோடு இரண்டும் 'கழற்றி' என்ற சொல்லுக்கு அடியில் இருந்தன.

"கடவுளே" என்றாள் அண்ணி. "கையவா கழட்டிக் குடுத்தா?"

"ஆமா" என்றாள் தங்கை. "அதுல என்ன?"

"வலிக்காதா?"

"யாருக்கு வலிக்கும்? சட்டைக்கா?"

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் எழுந்து சமையலறைக்குப் பக்கத்திலிருந்த கம்பியிடம் போனார். வீட்டுக்கு வருகிற எந்தச் சீட்டையும் அவர் எறியமாட்டார். பள்ளி அலுவலகத்தில் இருப்பதுபோலவே ஒரு கம்பியில் குத்தி வைப்பார். தேதி வரிசை மாறாது. நாலு வருடச் சீட்டை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். பதினெட்டு மாதத்துக்குக் கீழே போனபோது தேடியது கிடைத்தது. அதை நாலாக மடித்து எடுத்து வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தேர்வு அதிகாரி வந்தார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். யாரையும் நம்பாமலிருக்கச் சம்பளம் வாங்குகிறவர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. தங்கையின் விடைத்தாளை எடுத்து, 'அவள் கொடுத்ததை விளக்குக' என்ற மூன்றாவது கேள்விக்கான விடையை வாசித்தார்.

"'அந்தக் காலத்தில் சட்டையோடு கையைச் சேர்த்துத் தைக்கமாட்டார்கள். தோளில் நாடாவால் கட்டியிருப்பார்கள். அவள் தன் கையை அடையாளமாகக் கொடுத்தாள்.' நாடான்னு எப்படி எழுதினீங்க? பாடத்துல இல்ல. விடைக்குறிப்புல இருக்கு."

தங்கைக்கு அப்போதுதான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. குதிரை சாரைப் பார்த்தாள். தலைமையாசிரியையைப் பார்த்தாள்.

"கதையில கத்தரியே வரலைங்க சார்" என்றாள். "தைச்ச கையைச் சும்மா கழட்ட முடியாது, பிரிச்சுத்தான் கழட்டணும். ஒரு கை பிரிக்க எனக்கே ஏழு நிமிஷம் ஆகும். வாசல்ல குதிரை நிக்குது, அங்க ஊதறான். அவ நின்ன நிலையில கழட்டிக் குடுக்கறா. அப்ப அது கட்டின கையாத்தான் இருக்கணும். நாடாவோ கயிறோ ஏதோ ஒண்ணு. நான் நாடான்னு போட்டேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். முகம் மாறவில்லை. "எதுக்கு அப்படித் தனியா வெச்சிருந்தாங்க?"

"சட்டையில மொதல்ல அழுக்காகறது கைதான். மொதல்ல கிழியறதும் அதுதான். கைய மட்டும் மாத்தினா சட்டை இன்னும் ரெண்டு வருஷம் உழைக்கும். நானா இருந்தாலும் அப்படித்தான் வெச்சிருப்பேன்."

அதிகாரி விடைக்குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். "இது இதுல இல்லையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

குதிரை சார் விடவில்லை. "பாடத்துல 'கை'ன்னுதான் இருக்கு சார். 'சட்டைக் கை'ன்னு இல்ல. படிக்கிற யாருக்கும் முதல்ல மனுஷக் கைதான் தோணும். முப்பத்துநாலு பேருக்குத் தோணுச்சு. எனக்கும் தோணுச்சு."

அண்ணன் அனுமதி கேட்டுக்கொண்டு முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து, மடிப்பை நீவி, அதிகாரியின் முன் மேசை விளிம்புக்கு இணையாக வைத்தார். நடுவில் கம்பி குத்திய ஓட்டை இருந்தது.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார். "'இரண்டு கையையும் கழற்றி, இரண்டு அங்குலம் வெட்டி, திரும்ப மாட்டி அனுப்பவும். அவசரம்.'" தலை நிமிர்ந்தார். "யார் எழுதினது இது?"

தலைமையாசிரியை எட்டிச் சீட்டைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் தலைமையாசிரியை. "ஒரு மேல்சட்டை. கை நீளமா இருந்தது. இவர்கிட்டக் குடுத்து இவங்களுக்கு அனுப்பினேன்."

"இதைப் படிச்சு நீங்க என்னம்மா பண்ணீங்க?"

"கழட்டினேன், வெட்டினேன், மாட்டினேன்" என்றாள் தங்கை. "மேடம் இப்ப போட்டிருக்கறது அதுதான்."

தலைமையாசிரியை தன்னையறியாமல் தன் மணிக்கட்டைப் பார்த்தார். அதிகாரியும் பார்த்தார். குதிரை சார்கூடப் பார்த்தார். அளவு சரியாகத்தான் இருந்தது.

"உறை?" என்றார் அதிகாரி, விட மனமில்லாமல்.

பதிலுக்குக் காத்திராமல் அவரே தன் பையைத் திறந்து வேறு பள்ளிக்குக் கொண்டுபோகவிருந்த உறை ஒன்றை எடுத்தார். அதன் மூலையிலும் பசை விட்டிருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒட்டவில்லை. திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கையெழுத்துகள் முடிந்து வெளியே வந்தபோது குதிரை சார் நடைபாதையில் காத்திருந்தார்.

"நான்தான் தப்பா நடத்தியிருக்கேன்" என்றார் தங்கையிடம். "அந்த ஆயாம்மாவ அழ வேற வெச்சேன். தப்புன்னு விடைக்குறிப்பைப் பாத்ததுமே தெரிஞ்சுது. அதை ஒத்துக்கறதுக்குப் பதிலா உங்களப் புடிச்சுக்கிட்டேன்."

"பரவால்ல சார். நல்லா அழ வெச்சீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றாள் அவள். அவர் எந்தப் பக்கம் சிரிப்பது என்று தெரியாமல் நின்றார்.

வீடு வரைக்கும் ஆறு நிமிடம். நாலாவது நிமிடத்தில் அவள் வாயைத் திறந்தாள்.

"அண்ணா, தேயிலை டப்பாவுல இருந்து சாவிய எடுத்துடு. டீயில துரு வாசனை வருது."

அவர் நடந்துகொண்டே இருந்தார்.

"என்கிட்ட நேராக் கேட்டிருக்கலாம்."

"கேட்டேனே."

"ஒன்பது நாள் கழிச்சுக் கேட்ட. அந்த வாக்கு, சந்தேகம், முகத்துல அறையறது, எல்லாம் சார் பலகையில எழுதிப் போட்டாரே. படிச்சிட்டுத்தானே துடைச்ச?"

"படிச்சேன்" என்றார். அதற்குமேல் எது சொல்லியிருந்தாலும் அது கோணலாகத்தான் வந்திருக்கும்.

இரண்டு வாரத்தில் தேர்வுத் துறையிலிருந்து பதில் வந்தது. நடவடிக்கை எதுவும் இல்லை. பாடத்தின் சொல் தெளிவாக இல்லாததால் மூன்றாவது கேள்விக்கு முப்பத்தைந்து பேருக்கும் முழு மதிப்பெண். தங்கை அறுபத்துநாலு வாங்கித் தேறினாள். தேறியதைவிட அந்த மூன்றாவது கேள்விதான் அவளை அரித்தது. "கைய வெட்டினவங்களுக்கும் அதே மார்க்கா?" என்று நாலு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் மதிப்பெண் பட்டியலைப் படி எடுத்து, ஒன்றைக் கம்பியில் குத்தினார். ஒன்றைத் தபால்காரரிடம் காட்டினார்.

மேற்பார்வையாளர் வேலையில் சேர்வதற்கு முந்தின வாரம் அவள் அவருடைய சீருடைச் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை கேட்டுத்தான் வாங்கினாள். திரும்பத் தந்தபோது உள்பக்கம் மார்புக்கு நேராக ஒரு புதுப் பை இருந்தது. அழுத்தினால் மூடுகிற பொத்தான் வைத்திருந்தாள். பதினோரு வருடத்தில் அவள் தைத்த முதல் பை அது.

"சாவி வெச்சுக்கறதுக்கு" என்றாள். "திறந்தா டப்புனு சத்தம் கேக்கும். வீட்டுல யாரு எடுத்தாலும் உனக்குத் தெரிஞ்சுடும். நிம்மதியா இருக்கலாம்."

அவள் முகத்தில் கேலி இருந்ததா, கோபம் இருந்ததா என்று அவர் தேடினார். பிறகு தேடுவதை நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பையில் அவர் இப்போது பென்சில் வைத்திருக்கிறார். சாவிக்கொத்து பழையபடி ஆணியில்தான் தொங்குகிறது. பெரிய சாவி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டிருக்கிறார் என்று சொல்வதுதான் சரியாக இருக்கும்.